பால்சா வாங்கக் கிளம்பினால் தராசோடு போங்கள்

மலேசியாவில் பீடோங் பக்கத்தில் ஒரு மர அறுவை ஆலையில் பலகைக்குத் தரம் பிரிப்பது என் வேலை. நாள் முழுக்கக் கையில் புரளுவது ரப்பர் மரம்தான். ஆனாலும் ஊரில் யாருக்கு எந்த மரத்தில் சந்தேகம் வந்தாலும் பலகை என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இப்போது அப்படி அதிகம் வருவது பால்சா என்ற மிக லேசான மரம். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் அதில் மாதிரி விமானம் செய்கிறார்கள். வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துத் திடலில் பறக்க விடுகிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியை வைத்துவிட்டு அரத்தாளும் கத்தியும் எடுப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான்.

சிக்கல் வாங்குகிற இடத்தில் இருக்கிறது. "அண்ணே, ஆன்லைன்ல பால்சான்னு போட்டிருக்கு, விலையும் கம்மியா இருக்கு, எடுத்திடவா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒரு கேள்விதான்: ஒரு பலகை எத்தனை கிராம்? விற்பவருக்கு அது தெரியாது என்றால், அல்லது சொல்ல மனமில்லை என்றால், அங்கே வாங்காதீர்கள். கடை பெரியதா சிறியதா, பக்கமா தூரமா என்பதெல்லாம் அப்புறம்.

ஏன் எடையைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று கேட்கலாம். மற்ற மரங்களில் ஒரே இனத்துக்குள் எடை ஓரளவுக்குள் நிற்கும். ரப்பர் மரம் காய்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 560 முதல் 640 கிலோ. ஜெலுத்தோங் 420 முதல் 500 வரை. பால்சா அப்படி இல்லை. கன மீட்டர் 80 கிலோவிலும் கிடைக்கும், 250 கிலோவிலும் கிடைக்கும். இரண்டும் அசல் பால்சாதான், இரண்டையும் ஒரே மரத்திலிருந்துகூட அறுத்திருக்கலாம். அந்த மரம் தென் அமெரிக்கக் காடுகளில் வேகமாக வளருவது. ஆறேழு வருடத்திலேயே வெட்டத் தயாராகிவிடும். நடுத்தண்டை ஒட்டிய இளம் பகுதி லேசாக இருக்கும், வெளிப்பக்கம் போகப் போகக் கனம் ஏறும். ஆகவே 'நல்ல பால்சா' என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கனம் என்பதுதான் கேள்வி.

கணக்கு எளிது. 2 மி.மீ. தடிப்பு, 100 மி.மீ. அகலம், 1,000 மி.மீ. நீளம் உள்ள பலகையின் கன அளவு 200 கன செ.மீ. அதன் எடையைக் கிராமில் பார்த்து 5 ஆல் பெருக்கினால் கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 20 கிராம் என்றால் 100, 25 கிராம் என்றால் 125, 40 கிராம் என்றால் 200. பழைய அங்குல அளவில் வரும் பலகை, அதாவது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தடிப்பு, 3 அங்குல அகலம், 36 அங்குல நீளம் என்றால் 9 ஆல் பெருக்குங்கள். சமையலறைத் தராசு போதும்.

போலியும் இந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும். பால்சா என்ற பெயரில் என் வாசலுக்கு வந்தவற்றில் இரண்டு சாதியை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று பாஸ்வுட், அதிலும் மூன்று அடுக்காக ஒட்டிய மெல்லிய பிளைவுட். லேசர் வெட்டுக்கு அருமையான சாமான், இறக்கைக்கு உதவாது. மேலே சொன்ன 2 மி.மீ. பலகை அதில் 90 கிராம் அளவுக்குப் போய்விடும். விளிம்பைப் பார்த்தாலே அடுக்கு தெரியும். மற்றொன்று பவுலோனியா. இது கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் அதுவும் வெளிர் நிறம், அதுவும் லேசு. ஆனால் அதே அளவுப் பலகை 50 கிராமைத் தாண்டி நிற்கும், வளர்ச்சி வளையங்கள் பளிச்சென்று கோடு கோடாகத் தெரியும். பால்சாவில் அப்படி வளையம் தெரியாது. உற்றுப் பார்த்தால் பட்டுத் துணியில் நூல் ஓடியது போல மெல்லிய கீற்றுகள் இருக்கும். விற்பவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். லேசான வெள்ளை மரம் எல்லாம் பால்சா என்று அவர்களிடமும் யாரோ சொல்லி விற்றிருப்பார்கள்.

சரி, எங்கே வாங்குவது?

நம்ம ஊர் எழுதுபொருள் கடையில் சின்னப் பொட்டலமாக வைத்திருப்பார்கள். பள்ளிக் கைவினை வேலைக்கு அது போதும், பறக்கிற சாமானுக்கு வேண்டாம். அறுவை ஆலைகளில் கேட்டு வருகிறவர்களும் உண்டு. எங்களிடம் கிடையாது. கழிவுக் குவியலில் லேசாகக் கிடக்கும் புலாய் மரத் துண்டைக் கொடுத்தால் தச்சுப் பழகலாம், அவ்வளவுதான்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ போகும்போது, மாதிரி விமானச் சாமான் விற்கும் கடையில் நேரில் பொறுக்குவதே நல்லது. விலை கூடத்தான் இருக்கும். ஆனால் பலகைக் கட்டைப் பிரித்துக் கையால் எடுத்துப் பார்க்க விடும் கடைக்கு அந்தக் கூடுதல் காசு தகும். தராசைப் பையில் கொண்டு போங்கள். கடைக்காரத் தவுக்கே சிரித்தால் சிரிக்கட்டும். உண்மையில் பழைய ஆளாக இருந்தால் அவரே ஒரு தராசு வைத்திருப்பார், "லேசானது எதுக்கு, கனமானது எதுக்கு" என்று உங்களையே திருப்பிக் கேட்பார். அப்படிக் கேட்கிற கடையை விட்டுவிடாதீர்கள்.

கடையில் நிற்கும்போது எடையோடு இன்னும் சிலவற்றைப் பாருங்கள். பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் நோக்கினால் முறுக்கும் வளைவும் தெரியும். பிறகு இரண்டு விளிம்பையும் நகத்தால் லேசாக அழுத்துங்கள். ஒரு விளிம்பு கல் போலவும் மறு விளிம்பு பஞ்சு போலவும் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அதில் குச்சி கிழித்தால் ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போகும். குண்டூசித் துளை இருந்து தட்டினால் மாவு கொட்டுகிறதா, அந்தப் பலகைக் கட்டு முழுவதுமே வேண்டாம். ரப்பர் பலகைக்கு நாங்கள் போரான் மருந்து ஏற்றுவதே இந்த உளுப் பூச்சிக்குப் பயந்துதான். பால்சாவும் அதற்குத் தப்பாது. ஒரு பலகையில் ஏறினால் வீட்டில் இருக்கும் மற்றதையும் தேடி வரும்.

எடைக்கு அடுத்து நான் அதிகம் பேசுவது இழையைப் பற்றி. அறுக்கும் கோணத்தைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். ஏ இழைப் பலகையில் நீளமான கோடுகள் மட்டும் தெரியும், குறுக்குவாக்கில் சுலபமாக வளையும். இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றிப் போர்த்தவும், குழாய் போல உருட்டவும் அதுதான். சி இழையில் மீன் செதில் மாதிரிப் புள்ளி புள்ளியாக மினுக்கும், குறுக்கே வளைத்தால் விறைத்து நிற்கும், இன்னும் அழுத்தினால் பட்டென்று பிளந்துவிடும். இறக்கை விலா (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டு), வால் தகடு இவற்றுக்கு அதை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பி. பெரும்பாலான கட்டுகளில் இதுதான் நிறைய வரும், பெரும்பாலான வேலைக்கு இதுவே ஓடும். இணையத்தில் வாங்கும்போது இழையைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் தன் சரக்கைக் கையால் தொட்டவர்.

எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கனம்? என் அளவுகோல் இது, கன மீட்டருக்குக் கிலோ கணக்கில். விலாவுக்கும் வாலுக்கும் 100 முதல் 120. இறக்கையின் நடுத்தண்டுக் குச்சிக்கு 180க்கு மேல், நேர் இழையாக. மற்றவை இடையில். வாலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கு இருக்கும் தூரத்தைவிட வால் மூன்று மடங்கு தள்ளி இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம் களிமண்ணோ ஈயமோ அப்ப வேண்டும். பையன்கள் மூக்கில் அப்பிக்கொண்டே போவதைத் திடலில் பார்க்கிறோமே, அதன் மூலம் பெரும்பாலும் கனமான வால் பலகைதான். இடது இறக்கையும் வலது இறக்கையும் எடையில் ஒத்த பலகையிலிருந்து வர வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். குச்சிகளைத் தனியாக வாங்குவதைவிடக் கனமான ஒரு பலகையை வாங்கி, இரும்பு ரூலரை வைத்து நீங்களே கிழித்துக்கொள்வது மலிவு, எல்லாக் குச்சியும் ஒரே குணத்தில் இருக்கும்.

விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். உலகச் சந்தைக்குப் போகும் பால்சாவில் மிகப் பெரும்பங்கு எக்குவடோரிலிருந்து வருகிறது. பாப்புவா நியூகினியின் கிழக்கு நியூ பிரிட்டனிலும் தோட்டம் போட்டிருக்கிறார்கள். காற்றாலை இறக்கையின் உள்ளே நிரப்புவதும் இதே மரம்தான். 2020 வாக்கில் சீனாவில் மானியக் கெடு முடிவதற்குள் காற்றாலைகளை நிறுத்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் எக்குவடோர் மரத்துக்குப் பெரும் போட்டி வந்தது, விலை எகிறியது. தோட்டத்து மரம் போதாமல் அமேசான் பகுதியில் பூர்வகுடிகளின் நிலத்தில் புகுந்தும் வெட்டினார்கள். அந்தப் பெரிய வியாபாரத்தில் நமது பொழுதுபோக்குப் பலகை கடைசி வரிசை வாடிக்கையாளர். பிறகு காற்றாலைக்காரர்கள் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் நுரைக்கு மாறத் தொடங்கினார்கள். தோட்டத்தில் வளர்த்த மரம் என்று சான்றோடு விற்பவர் கிடைத்தால் நான் அவரிடமே வாங்கச் சொல்லுவேன்.

உள்நாட்டு இணையக் கடைகளில் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் முதலில் ஒரே ஒரு பலகை வரவழைத்து நிறுத்துப் பாருங்கள். பலகையைத் தராசில் வைத்த படம் அனுப்பச் சொன்னால் சிலர் அனுப்புவார்கள். 'லேசான பால்சா' என்று மட்டும் எழுதி அளவை மறைத்திருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து, கேட்ட அடர்த்தியில் பொறுக்கித் தரும் கடைகளும் உண்டு. போட்டிக்குச் செய்கிறவர்களுக்கு அது தேவைப்படும். அங்கே ஏமாற்றுவது மரம் அல்ல, அனுப்பும் கூலி. 20 பலகையின் எடை அரைக் கிலோதான் வரும். ஆனால் பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்வார்கள். 100, 15, 10 அளவுள்ள பெட்டிக்கு அது 3 கிலோ. அரைக் கிலோ மரத்துக்கு 3 கிலோவுக்கான கூலி. போதாததற்கு, வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் இருக்கிறது. ஆகவே தனியாக வரவழைக்காதீர்கள். அதே பெட்டிக்குள் இரண்டு பங்கு பலகை அடங்கும். நாலு வீடு சேர்ந்து வாங்கினால் கூலி பிரிந்துவிடும், பலகைகளை எடை பார்த்துப் பங்கு பிரித்துக்கொள்ளவும் வசதி.

ஆரம்பப்பள்ளிப் பிள்ளை முதன்முதலாகச் செய்கிறது என்றால் பால்சாவே வேண்டாம் என்பது என் கட்சி. நுரைத் தகட்டில் ஒரு கிளைடர் பறக்கட்டும், மரம் அப்புறம்.

வாங்கி வந்ததும் சிமெண்ட் தரையில் சாய்த்து வைக்காதீர்கள், முறுக்கிக்கொள்ளும். நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். 8 விழுக்காடு ஈரத்தில் வந்த பலகை 15க்கு ஏறினால், 100 கிராமுக்கு ஆறு கிராமுக்கு மேல் கூடிவிடும். பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அலமாரி மேல் தட்டில் படுக்க வையுங்கள். உறைக்குள் போகுமுன் ஒவ்வொரு பலகையின் மூலையிலும் எடையைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி மேலே ஒட்டும் காகிதத்தில் தெரியும்.