விரல் தொடும் இடமும் ஒலி மாறும் இடமும்

மேடையில் பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பழைய அனலாக் மிக்ஸர்கள் பெரும்பாலானவற்றில், பாடகரின் குரல் மின்னோட்டமாக ஃபேடருக்குள் (ஒலியளவை ஏற்றி இறக்க மேலும் கீழும் தள்ளும் பிடி) இருக்கும் மின்தடைப் பட்டை வழியாகவே ஓடும். பட்டையில் தூசி சேர்ந்துவிட்டால் ஃபேடரை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்பது அதனால்தான். இன்று அதே வேலையைச் செய்யும் டிஜிட்டல் கன்சோலின் தொடுதிரையில் கதையே வேறு. விரல் வைக்கிற கண்ணாடிக்கு அடியில் ஒலி என்று எதுவுமே ஓடவில்லை. மைக்கில் இருந்து வந்தது உள்ளே நுழைந்ததுமே எண்களாகிவிடுகிறது. அந்த எண்களைப் பெருக்குவதும் கூட்டுவதும் தனிச் சில்லுகளின் வேலை. திரை அவற்றுக்குக் கட்டளை மட்டும்தான் அனுப்புகிறது. பல கன்சோல்களில் திரை உறைந்துபோனாலும் பாட்டு நிற்காமல் ஓடுவது இப்படிப் பிரித்து வைத்திருப்பதால்தான்.

கட்டளை எப்படிப் பிறக்கிறது? இன்றைய திரைகளில் கண்ணாடிக்குக் கீழே இண்டியம் டின் ஆக்சைடு என்ற, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிறிய மின்புலம் இருக்கும். நம் உடலும் மின்கடத்திதான் என்பதால், விரல் அருகே வந்ததும் அந்தப் புலத்தில் கொஞ்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. எந்தச் சந்திப்பில் எவ்வளவு குறைந்தது என்று அளந்து, அந்தக் குறைவுகளின் சராசரி மையத்தை 'விரல் இங்கே இருக்கிறது' என்று கணக்கிடுகிறார்கள். கோடுகளுக்கு இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், இந்தச் சராசரியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வைக்கூடக் கண்டுபிடிக்க முடிகிறது. வியர்வையோ மழைத்துளியோ விழுந்தால் திரை குழம்புவதும் இதனால்தான், தண்ணீரும் அதே புலத்தைக் கலைக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. திரை நொடிக்குச் சுமார் 100 முறை விரலின் இடத்தைச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலன் & ஹீத் எஸ்க்யூ-5 போன்ற கன்சோலில் ஒலியோ நொடிக்கு 96,000 மாதிரிகளாக, அதாவது அலையை அளந்து எடுத்த எண்களாக, ஓடுகிறது. அப்படியென்றால் விரலிடமிருந்து ஒரு தகவல் வந்து அடுத்தது வருவதற்குள் 960 மாதிரிகள் கடந்துவிடும். தகவல் வந்த கணத்திலேயே ஒலியளவைச் சட்டென மாற்றினால் அலையில் ஒரு வெட்டு விழும். காதுக்கு அது 'டிக்' என்று கேட்கும். விரலை இழுத்துக்கொண்டே போனால் வெட்டுகள் வரிசையாக விழுந்து 'சர்ர்ர்' என்ற இரைச்சலாகிவிடும். இதை ஜிப்பர் நாய்ஸ் என்பார்கள். அதனால் சில்லு படிக்கட்டைச் சாய்தளமாக்கிவிடுகிறது: பழைய மதிப்பிலிருந்து புதிய மதிப்புக்கு, ஒவ்வொரு மாதிரிக்கும் துளித்துளியாக நகர்ந்து போகிறது. கேட்பவருக்கு ஃபேடர் வழுக்கிக்கொண்டு போனது போலத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் திரையிலேயே செய்துவிடலாமா? மேடையில் பாடகரின் மைக் திடீரென ஊளையிடுகிறது என்று வையுங்கள். அந்த மைக்குக்கான சேனலின் ஈக்யூ படத்தை (எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று காட்டும் வரைபடம்) திறந்தால், பின்னணியில் ஆடும் பட்டைகளில் 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்கும். அங்கே விரலை வைத்துக் கீழே இழுக்க வேண்டியதுதான். இடவலமாக நகர்த்தினால் அதிர்வெண் மாறும், மேலும் கீழுமாக நகர்த்தினால் அளவு மாறும். உள்ளே அந்த அதிர்வெண் பகுதியின் வடிகட்டிக்கான ஐந்து எண்கள் திரும்பத் திரும்பக் கணக்கிடப்படுகின்றன.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 7 அங்குலத் திரையின் அகலம் சுமார் 15 செ.மீ. 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய 10 ஆக்டேவ் (அதிர்வெண் ஒருமுறை இரட்டிப்பானால் ஒரு ஆக்டேவ்). முழு அகலத்தையும் படத்துக்கே கொடுத்தாலும் ஒரு ஆக்டேவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் கிடைக்கும். விரல் 1 மி.மீ. பிசகினால், 2,500 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 118 ஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். பார்க்க வேண்டிய புள்ளியை விரலே மறைத்துக்கொண்டும் இருக்கும். அப்புறம் இன்னொன்று: விரலை எடுக்கும்போது அது கண்ணாடியில் படும் பரப்பு ஒரே சீராகச் சுருங்காது. முன்னே சொன்ன சராசரி மையம் கொஞ்சம் நகர்ந்துவிடும். சரியாக வைத்த மதிப்பு, கையை எடுக்கிற அந்தக் கணத்தில் நழுவுவது இப்படித்தான்.

அதனால்தான் நல்ல கன்சோல்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்கின்றன. எதை மாற்ற வேண்டும் என்பதைத் திரையில் தொட்டுக் காட்டினால், எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதை அருகில் உள்ள குமிழ் பார்த்துக்கொள்ளும். சவுண்ட்கிராஃப்ட் நிறுவனத்தின் Vi வரிசைக் கன்சோல்களில் ஒரு படி மேலே போய், குமிழ்களைத் திரையின் கண்ணாடி மீதே பொருத்தினார்கள். கை இருக்கும் இடத்திலேயே மதிப்பும் தெரியும். இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ஃபேடர்களைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை, நேரடி நிகழ்ச்சிக்கு நிஜ ஃபேடர்தான் வேண்டும். கண் மேடையில் இருக்கும்போதே மூன்று விரல்கள் மூன்று சேனல்களைத் தடவி ஏற்றி இறக்க முடியும். வழவழப்பான கண்ணாடியில் விரலுக்கு எந்த அடையாளமும் கிடைக்காது. விலை கூடிய சில கன்சோல்களில் மோட்டாரால் தானாகவே நகரக்கூடிய ஃபேடரின் தலைப்பகுதியையே மின்கடத்தியாகச் செய்து, திரையில் நடக்கும் அதே மின்புலச் சோதனையை அங்கேயும் நடத்துகிறார்கள். கை பட்டது தெரிந்ததும் மோட்டார் பிடியை விட்டுவிடும். கை இருக்கும் வரை அதோடு மல்லுக்கட்டாது.