ஸ்கேனர் படிப்பதற்கு முன்பே நடந்துவிடும் பிழை

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களை ஸ்கேன் செய்து, கணினித் தரவாக மாற்றிக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. படிவத்தை வடிவமைத்ததும் நாங்கள்தான். வங்கிக் கணக்கு எண்ணுக்கு 11 பெட்டிகள் போட்டிருந்தோம். கையில் கிடைத்த பாஸ்புக் ஸ்டேட் பாங்க்கினுடையது; அதில் கணக்கு எண் 11 இலக்கம். அதையே அளவாக வைத்துக்கொண்டோம்.

விண்ணப்பித்த ஒரு மாணவிக்கு வேறு வங்கியில் கணக்கு. 14 இலக்கம். முதல் எட்டு இலக்கங்களைப் பெட்டிக்கு ஒன்றாக எழுதியிருக்கிறாள். இடம் போதாது என்று தெரிந்ததும் மீதி ஆறு இலக்கங்களைக் கடைசி மூன்று பெட்டிகளுக்குள் இரண்டிரண்டாக நெருக்கிவிட்டாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மென்பொருளுக்கு ஒரு பெட்டி என்றால் ஓர் இலக்கம். நெருக்கி எழுதிய இரண்டை ஒன்றாகப் படித்து, பார்ப்பதற்குக் குறையே இல்லாத 11 இலக்க எண்ணைக் கொடுத்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பணம் திரும்பி வந்து, காரணம் தேடி, கட்டுக்குள்ளிருந்து அவளுடைய படிவத்தை உருவி எடுத்துப் பார்ப்பதற்குள் அந்தக் கல்வியாண்டில் பாதி போய்விட்டது.

ஸ்கேனர் தப்பாகப் படித்துவிட்டது என்றுதான் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். ஸ்கேனர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தப்பு நாங்கள் வரைந்த 11 பெட்டியில் இருந்தது.

இயந்திரம் செய்யும் தவறுகளில் இரண்டு வகை உண்டு. படிக்க முடியவில்லை என்று நிறுத்திவிடுவது ஒன்று. அது ஆபரேட்டரின் திரைக்கு வரும், அவர் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்வார், கொஞ்சம் நேரம் போகும், அவ்வளவுதான். தவறாகப் படித்துவிட்டு உறுதியாக நிற்பது இன்னொன்று. அதை மனிதக் கண் பார்ப்பதே இல்லை. அது நேராகப் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஒருவருடைய பென்ஷனையோ மதிப்பெண்ணையோ தின்றுவிடும். படிவத்தை வடிவமைக்கும்போது நான் பயப்படுவது இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். கையெழுத்தைப் படிக்கும் ஐ.சி.ஆர். மென்பொருள் ஒவ்வொரு பெட்டியையும் தனியாக வெட்டி எடுத்து, அதற்குள் இருப்பது என்ன என்று பார்க்கிறது. பெட்டிகள் ஒட்டி ஒட்டி ஒரே கோட்டைப் பங்குபோட்டுக்கொண்டால், ஒரு 7-இன் தலை பக்கத்துப் பெட்டிக்குள் நீளும். கோட்டை ஒட்டி எழுதிய 1 கோட்டோடு சேர்ந்து மறைந்துவிடும். 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 12 புள்ளிகள். அரை மில்லிமீட்டர் கனத்தில் கறுப்புக் கோடு போட்டால் அது 6 புள்ளி அகலம். பால்பாயின்ட் பேனாவின் கோடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டில் எது அச்சு, எது எழுத்து என்று இயந்திரம் எப்படிப் பிரிக்கும்? நான் வைத்துக்கொள்ளும் அளவு 5 மில்லிமீட்டர் அகலம், 7 மில்லிமீட்டர் உயரம், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, கோடு முடிந்தவரை மெல்லியதாக. ஏ4 தாளில் இரு பக்கமும் ஓரம் விட்டால் வரிக்கு 28 பெட்டி கிடைக்கும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்று பெட்டியைச் சுருக்கச் சொல்லும் அதிகாரிகளிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டாவது தாளுக்கு ஆகும் செலவு, தவறான எண்ணைத் துரத்தும் செலவைவிடக் குறைவு.

கோட்டையே மறைத்துவிட ஒரு வழி இருக்கிறது. பெட்டிகளை வெளிர் சிவப்பிலோ வெளிர் பச்சையிலோ அச்சிட்டால், ஸ்கேன் செய்யும்போது அந்த நிறத்தை மட்டும் நீக்கிவிடலாம். பேனா எழுத்து மட்டும் வெள்ளைத் தாளில் நிற்கும். டிராப் அவுட் நிறம் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். அருமையான முறை. ஆனால் நம் ஊரில் படிவம் தீர்ந்துபோனால் மக்கள் போகும் இடம் ஜெராக்ஸ் கடை. அங்கே வெளிர் சிவப்பு கறுப்பாகிவிடும், நாம் செய்த ஏற்பாடு அத்தனையும் போய்விடும். அதனால் படிவம் நம் கையிலிருந்து எண்ணி வழங்கப்படுகிறது என்றால் மட்டும் நிறத்தை நம்புங்கள். இணையத்தில் இறக்கி யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றால், கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் பிழைக்கும்படி வரையுங்கள்.

நிறத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓர் இடத்தில் சிவப்பு டிராப் அவுட் படிவம். சரிபார்த்தவர் தவறான மதிப்பெண்களைத் தன் வழக்கப்படி சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தார். ஸ்கேன் செய்த படத்தில் அவருடைய திருத்தம் ஒன்றுகூட இல்லை. பழைய தவறான எண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. கறுப்பு அல்லது நீலப் பால்பாயின்ட் பேனா என்று தேர்வு விடைத்தாள்களில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. திருத்துபவருக்கும் அந்த விதி பொருந்தும் என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

அப்புறம், நாலு மூலையிலும் இருக்கும் கறுப்புச் சதுரங்கள். அவை அலங்காரத்துக்கு இல்லை. தாள் சாய்ந்து போனாலும், இ-சேவை மையத்து பிரிண்டர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வில் படிவத்தைக் கொஞ்சம் சுருக்கி அச்சடித்திருந்தாலும், அந்த நாலு சதுரங்களை வைத்துத்தான் மென்பொருள் பெட்டிகளின் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு மூலையை மட்டும் வேறு வடிவத்தில் வையுங்கள், தலைகீழாகப் போன தாள் தெரிந்துவிடும். இடது மேல் மூலை ஸ்டேப்ளர் ஊசிக்கு உரியது, அதனால் சதுரத்தையும் க்யூ.ஆர். கோடையும் ஊசி படாத தூரத்தில் வையுங்கள். போட்டோ ஒட்டும் இடத்தையும் மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். ஒட்டுபவர்கள் கட்டத்துக்குள் அளந்து ஒட்டமாட்டார்கள்.

‘ஆம்’, ‘இல்லை’ கேள்விகளில் நடக்கும் தவறு எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆம், ஒரு கட்டம், இல்லை, ஒரு கட்டம் என்று ஒரே வரியில் சம இடைவெளியில் போட்டுவிடுவார்கள். நடுவில் இருக்கும் கட்டம் ‘ஆம்’ என்பதற்கா ‘இல்லை’ என்பதற்கா? நிரப்புபவருக்கே குழப்பம். போதாததற்கு, டிக் போடுகிறவரின் கை வலப்பக்கம் மேலே இழுத்துக்கொண்டு போகும். கட்டத்துக்கு வலது பக்கம் அடுத்த கட்டம் நெருங்கி இருந்தால் வால் அதற்குள் விழுந்து, இரண்டும் குறிக்கப்பட்டதாகப் பதிவாகும். கட்டத்தை எழுத்தை ஒட்டி வையுங்கள், அடுத்த தேர்வை நன்றாகத் தள்ளி வையுங்கள்.

தமிழ்ப் பெயர்களைப் பெட்டிகளுக்குள் எழுதச் சொல்லாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ‘கோ’ என்ற எழுத்தை ஒருவர் ஒரே பெட்டியில் எழுதுவார், இன்னொருவர் இரட்டைச் சுழிக் கொம்பை ஒரு பெட்டியிலும், க-வை ஒன்றிலும், காலை ஒன்றிலுமாகப் பிரிப்பார். இரண்டுமே அவரவர் அளவில் சரி. தமிழ்ப் பெயருக்கு நீளமான வெற்று வரி ஒன்று கொடுத்து, அந்தப் படத்தை வெட்டி ஆபரேட்டருக்குக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மட்டும் பெட்டி போதும். இனிஷியலுக்குத் தனிப் பெட்டி அவசியம். இல்லாவிட்டால் பாதிப் பேர் முன்னால் எழுதுவார்கள், பாதிப் பேர் பின்னால் எழுதுவார்கள், அதே ஆள் பட்டியலில் இரண்டு ஆளாகிவிடுவார்.

எண்களில் இயந்திரத்துக்கு நாம் செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது. வங்கிக் கிளையைக் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். மக்கள் அதை ஆங்கில எழுத்து ஓ என்று நினைத்து எழுதுகிறார்கள். அந்தப் பெட்டியில் பூஜ்யத்தை நாமே அச்சடித்துவிட்டால் ஒரு சந்தேகம் குறைந்தது. பான் எண்ணில் ஐந்து எழுத்து, நாலு எண், ஓர் எழுத்து என்பது நிலையான வரிசை. எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் எண் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் 5-க்கும் எஸ்ஸுக்கும் சண்டையே வராது. ஆதார் எண்ணை அட்டையில் இருப்பதுபோலவே நாலு நாலாகப் பிரித்துப் பெட்டி போடுங்கள். அதன் 12-வது இலக்கம் வெர்ஹாஃப் முறையில் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் கணக்கு ஒத்துவராது, உடனே பிடித்துவிடலாம். வங்கிக் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான அப்படி ஒரு காவல் கிடையாது. அதனால் அதை இரண்டு முறை எழுதச் சொல்கிறோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆபரேட்டரிடம் போகும்.

இதையெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் வீட்டில் இருக்கும் காசோலையை எடுத்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் சி.டி.எஸ். 2010 தரத்தில் அமைந்தது அது. காசோலை ஊர் ஊராகப் போகாமல் அதன் படம் மட்டும் போகும் முறைதான் சி.டி.எஸ்.; அது 2008-இல் டெல்லியிலும் 2011-இல் சென்னையிலும் வந்தது. தேதிக்கு எட்டுப் பெட்டிகள். எழுத்தை மறைக்காத வெளிர் பின்னணி. கீழே காந்த மையில் அச்சிட்ட எண்கள், அவற்றைச் சுற்றி யாரும் எழுதக் கூடாத வெற்றுப் பட்டை. தேதியைத் தவிர வேறெதையும் அடித்துத் திருத்தினால் அந்த முறையில் செல்லாது. இத்தனை சின்னத் தாளில் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

தாளைப் பற்றிச் சுருக்கமாக: 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) இருந்தால் பின்பக்க எழுத்து முன்பக்கம் ஊடுருவுவது குறையும். ஏ4 தாளை மக்கள் இரண்டாக மடிப்பார்கள், இல்லை மூன்றாக. அந்த மடிப்புகள் மேலிருந்து 99, 148.5, 198 மில்லிமீட்டரில் விழும். அந்த வரிகளில் முக்கியமான எண் எதையும் வைக்காதீர்கள். சீல் குத்த ஒரு தனிக் கட்டம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சீல் ஆதார் எண்ணின் மேல்தான் விழும்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன்பு 50 பிரதி எடுத்து, அலுவலக ஆட்களைத் தவிர மற்றவர்களிடம் கொடுங்கள். மேசை தராதீர்கள். நின்றுகொண்டும், மடியில் வைத்தும், கண்ணாடி கொண்டுவர மறந்தும்தான் உண்மையில் படிவம் நிரப்பப்படுகிறது. நிரப்பியதை மடித்து, சட்டைப் பையில் வைத்து, சிலவற்றை ஜெராக்ஸ் எடுத்து, அதன் பிறகு ஸ்கேன் செய்து பாருங்கள். பக்கத்தில் நின்று, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். பேனா எங்கே நின்று யோசிக்கிறதோ அங்கே படிவத்தில் கோளாறு.

அடுத்த வருடம் அந்த உதவித்தொகைப் படிவத்தை மாற்றினோம். கணக்கு எண்ணுக்கு 18 பெட்டி வைத்து, அதை இரண்டு முறை எழுதும்படி செய்து, ஒரு மாணவியர் விடுதியில் சோதனைக்குக் கொடுத்தோம். ஒரு பெண் 11 இலக்கம் எழுதிவிட்டு நிமிர்ந்து, “மீதிப் பெட்டியில் பூஜ்யம் போடணுமா சார்?” என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் கேட்காமலேயே ஏழு பூஜ்யங்களைப் போட்டு முடித்திருந்தாள். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. ‘இடப்பக்கத்திலிருந்து எழுதவும், மீதிப் பெட்டிகளைக் காலியாக விடவும்’ என்ற வரியை அன்று மாலையே பெட்டிகளுக்கு மேலே சேர்த்தோம்.