தைராய்டு: எல்லாருக்கும் இருப்பதுதான்

"எனக்குத் தைராய்டு இருக்கு டாக்டர்." கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்கள் பலர் சொல்லும் இந்த வாக்கியத்தில் நோயே இல்லை. தைராய்டு என்ற ஹார்மோன் சுரப்பி எல்லார் கழுத்திலும் இருக்கிறது. குறைவாகச் சுரக்கிறதா, கூடுதலாகவா என்பதுதான் கேள்வி.

சொல் கிரேக்கம். 'தூரா' என்றால் கதவு. கதவுபோல நீண்ட கேடயம் 'தூரெயோஸ்'. அந்த வடிவில் இருப்பது தைராய்டு. வேடிக்கை என்னவென்றால், கேடயம் போலிருப்பது சுரப்பியல்ல, அதற்கு மேலே விரலில் தட்டுப்படும் குரல்வளைக் குருத்தெலும்பு. 1656-இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன் பக்கத்து வீட்டுப் பெயரையே சுரப்பிக்கும் வைத்துவிட்டார். சுரப்பியோ வண்ணத்துப்பூச்சி வடிவம்.

தமிழில் 'கேடயச் சுரப்பி' என்பார்கள். சங்கப் பாடல்களில் கேடயத்துக்குத் தோல், கிடுகு என்றும் பெயருண்டு. 'தோல் சுரப்பி' என்று எழுதினால் சீட்டு தோல் டாக்டரிடம் போய்விடும்! என்னைக் கேட்டால் சுரப்பிக்குத் தைராய்டு என்ற பெயரே போதும். தமிழ்ப் பெயர் நோய்க்குத்தான் வேண்டும்: குறைசுரப்பு, மிகைசுரப்பு.

கர்ப்பத்தில் இரண்டுக்கும் வழி வேறு. கருவின் சுரப்பி 12 வாரம்போலத்தான் வேலையைத் தொடங்கும், சூடுபிடிக்க 20 வாரம் ஆகும். அதுவரை மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் சுரப்புதான் கதி. ஆகவே குறைசுரப்புக்கு லெவோதைராக்சின் மாத்திரை எடுப்பவருக்குப் பெரும்பாலும் 25 முதல் 50 சதவீதம் அளவு கூட்ட வேண்டிவரும். '50 பவர்' மாத்திரை '75 பவர்' ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. பவர் என்பது மைக்ரோகிராம். பிள்ளைக்கு ஆகாது என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. நாள் தள்ளியது உறுதியானதுமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் பாதியில் 4 வாரத்துக்கொரு முறை ரத்தத்தில் டிஎஸ்எச் பார்ப்பார்கள். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் அது. தைராய்டு கூடுதலாகச் சுரந்தால் டிஎஸ்எச் இறங்கும், குறைவாகச் சுரந்தால் ஏறும்.

மிகைசுரப்புக்குத் தரும் கார்பிமசோல், தொடக்க மாதங்களில் கருவின் உறுப்புகளைப் பாதிக்கலாம். டாக்டர் மருந்தை மாற்றுவார். ஆனால் முதல் மூன்று மாதத்தில் கர்ப்ப ஹார்மோனே டிஎஸ்எச்சைச் சற்று இறக்கிக் காட்டும். ரிப்போர்ட்டில் எண் குறைந்ததாலேயே மிகைசுரப்பு என்று ஆகிவிடாது.

லெவோதைராக்சினை விடிகாலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு போட வேண்டும். காபி அரை மணி கழித்துத்தான். சத்து மாத்திரை என்று தரும் இரும்பும் கால்சியமும் இதை உடம்பில் சேரவிடாது. அவற்றுக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தோதாக இருக்கும்.