‘ஸ்மர்க்’ என்று எழுதுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அண்மையில் ஒரு மாணவி, வேலை மாறிப்போகும் தன் மேலாளருக்கு எழுதிய நன்றிக் கடிதத்தை அனுப்பிய பிறகு என்னிடம் காட்டினார். ‘முதல் நாள் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், அதிலேயே என் பயம் போய்விட்டது’ என்று சொல்ல நினைத்திருக்கிறார். அருமையான வரி. ஆனால் ‘ஸ்மைல்’ ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டதே என்று, கணினி காட்டிய இணைச்சொல் பட்டியலிலிருந்து ‘ஸ்மர்க்’கை எடுத்துப் போட்டுவிட்டார். படித்தவருக்கு அது ‘என்னைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரித்தீர்கள்’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. பதிலே வரவில்லை என்று கலங்கிப்போய் வந்தார். விளக்கம் எழுதி அனுப்பிய பிறகுதான் சரியானது.

இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். ஸ்மர்க் என்றால் ‘உன்னைவிட நான் மேல்’, ‘மாட்டிக்கொண்டாயா’ என்ற எண்ணம் உதட்டோரம் எட்டிப்பார்க்கும் சிரிப்பு. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு வெறும் ‘புன்னகைத்தல்’ என்றுதான் பொருள், பின்னால்தான் கர்வமும் ஏளனமும் அதில் ஏறிக்கொண்டன. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 2010இல் சேர்ந்த, ஒரு பக்கம் உதடு சுழித்த அந்த மஞ்சள் முக எமோஜியின் பெயரும் ஸ்மர்க்கிங் ஃபேஸ்தான். அலுவலகச் செய்தியில் அதைச் சாதாரணச் சிரிப்பு என்று நினைத்துப் போடாதீர்கள், வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

‘கிரின்’ அவ்வளவு ஆபத்தில்லை. பல் தெரிய, முகம் விரியச் சிரிப்பது. நண்பர்களுக்குள் நன்றாகவே பொருந்தும், இரங்கல் கடிதத்தில் பொருந்தாது. அதன் பழைய பொருள் வலியிலோ கோபத்திலோ பல்லைக் காட்டுவது என்று தெரிந்தால், ‘கிரின் அண்ட் பேர் இட்’ ஏன் நம்முடைய ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்’ளுக்கு இத்தனை பக்கத்தில் இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

இன்னொன்று, நம் மொழியிலிருந்தே வரும் சிக்கல். தமிழில் ‘என்னைப் பார்த்துச் சிரித்தார்’ என்றால் அன்பாகவும் இருக்கலாம், கேலியாகவும் இருக்கலாம், சொல்கிற தொனியே காட்டிக்கொடுத்துவிடும். அதையே அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘லாஃப்ட் அட் மீ’ என்று எழுதினால் பெரும்பாலும் கேலி மட்டும்தான் நிற்கும். எதிரில் வந்தவர் அன்பாகச் சிரித்தாரா, ‘ஸ்மைல்ட் அட் மீ’ என்று எழுதுங்கள். ‘ஸ்மைல்ட் டு மீ’ என்று பலர் எழுதுகிறார்கள், அங்கேயும் ‘அட்’தான் வரவேண்டும். ஸ்மைலில் சத்தம் இல்லை, லாஃபில் உண்டு. புன்னகைக்கும் சிரிப்புக்கும் நாம் வைத்திருக்கும் அதே வேறுபாடுதான்.

அப்புறம், ஸ்மைல் ஒரே கடிதத்தில் மூன்று முறை வந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வேறுபாடு வேண்டுமென்றால் சொல்லை மாற்றாமல் முன்னால் ஓர் அடைமொழி சேருங்கள்: ‘வார்ம் ஸ்மைல்’, ‘ஷை ஸ்மைல்’, ‘டயர்ட் ஸ்மைல்’. புதுச்சொல்தான் வேண்டும் என்றால், இணைச்சொல் பட்டியலோடு நிற்காமல் அகராதியில் அந்தச் சொல்லின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். ஸ்மர்க் வரும் வாக்கியங்களில் யார் யாரைப் பார்த்து எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று கவனித்தாலே போதும், என் மாணவி அந்தச் சொல்லைத் தொட்டிருக்கவே மாட்டார்.