கறுத்த மீன் கோபத்தில் இருக்கிறதா, பயத்திலா?

கடைத் தொட்டியில் பளபளத்த ஃபிளவர்ஹார்ன், வீட்டுக்கு வந்ததும் சாயம்போன துணி மாதிரி ஆகிவிடும். மீனை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பாவம், மீன் அதேதான்.

ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர், 1952-இல் இந்தியாவுக்கு வந்து இன்று ஏரி குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி மீன், எல்லாமே சிக்லிட் குடும்பம். இவற்றின் தோலில் கிளை கிளையாக விரிந்த கறுப்பு நிறச் செல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் மெலனின் என்ற கறுப்பு நிறமியின் துகள்கள். மொட்டைமாடிப் பாயில் காயவைத்த கேழ்வரகைக் குவித்தால் பாய் தெரியும், பரப்பினால் மறையும் அல்லவா? அதேதான் இங்கும். துகள்கள் செல்லின் நடுவில் குவிந்தால் மீன் வெளிறும். கிளைகளெங்கும் பரவினால் கறுக்கும். செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைத் தண்டவாளமாக்கி, மோட்டார் புரதங்கள் துகள்களை இழுத்துப் போகின்றன. புதிதாக நிறம் எதுவும் உண்டாவதில்லை. அதனால்தான் இவ்வளவு வேகம்.

இழுக்கச் சொல்வது யார்? திடீர் பயத்தில் தோலுக்கு வரும் நரம்புகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். துகள்கள் குவியும், மீன் வெளிறும். பாலித்தீன் பையிலிருந்து தொட்டிக்குள் விட்டதும் நாம் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

நாள்கணக்கில் நீடிக்கும் அழுத்தம் வேறு கதை. அப்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைச் சுரக்கவைக்கும் ஹார்மோனை அனுப்புகிறது. அந்த ஹார்மோன் எந்த மூலப் புரதத்தை வெட்டி உண்டாகிறதோ, அதே புரதத்திலிருந்துதான் துகள்களைப் பரப்பும் எம்எஸ்எச் ஹார்மோனும் பிறக்கிறது. ஆகவே வெளிறவைக்கும் பயம் நீடித்தால் மீனைக் கறுக்கவும் வைக்கலாம்.

அப்படியானால் கறுப்பு என்றால் துயரமா? அதுவும் இல்லை. ஜிலேபியில் கூடு தோண்டிக் காவல் காக்கும் ஆதிக்க ஆண்தான் கன்னங்கரேல் என்றிருக்கும், தொண்டை மட்டும் வெள்ளை. தோற்ற ஆண்கள் சாம்பல் வெள்ளியாகப் பெண்களோடு ஒதுங்கிவிடும். ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் வாழும் பர்ட்டோனி சிக்லிட்டில் இந்த அந்தஸ்து நாடகம் இன்னும் அப்பட்டம். ஆளும் ஆணுக்கு மஞ்சள் அல்லது நீல உடல், கண்ணுக்குக் கீழே கறுப்புப் பட்டை. அந்த ஆணைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டால், அதுவரை மங்கலாகப் பதுங்கியிருந்த ஓர் ஆணுக்குச் சில நிமிடங்களில் அந்தப் பட்டை ஏறிவிடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வாளர் ரஸ்ஸல் ஃபெர்னால்டின் ஆய்வகம் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. நிறத்தோடு நிற்பதில்லை, பதவி ஏறிய மீனின் மூளையில் இனப்பெருக்கத்தை இயக்கும் நரம்புச் செல்களும் பெரிதாகின்றன.

எனவே நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வது, என்னைக் கேட்டால், வீண் வேலை. துடுப்பை விரித்து நடுவில் நிற்கிற கறுப்பு மீனும், துடுப்பை ஒடுக்கி ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிடாமல் கிடக்கிற கறுப்பு மீனும் ஒன்றல்ல. இரண்டாவதைப் பார்த்தால் முதலில் தண்ணீரில் அம்மோனியாவைச் சோதியுங்கள். அப்புறம் அதை எந்த மீன் துரத்துகிறது என்று கவனியுங்கள். வாரக்கணக்கில் சிவப்பும் மஞ்சளும் மங்கினால் தீவனத்தையும் சந்தேகிக்கலாம். அந்த நிறங்களுக்கான கரோட்டினாய்டுகளை மீனால் தானே தயாரிக்க முடியாது.

நள்ளிரவில் விளக்கைப் போட்டு, மீன் திட்டுத் திட்டாக வெளிறிக் கிடப்பதைப் பார்த்து மருந்து பாட்டிலைத் தேடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுக்கலாம். அது தூக்க நிறம். சில நிமிடங்களில் பழையபடி ஆகிவிடும், எழுப்பிய கோபம் தணிந்தால்.