குளம் தேடாத தவளைகள்

குமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, மாறாமலைப் பக்கத்துக் காடுகளில் மழை பிடித்துவிட்டால் ராத்திரியெல்லாம் ‘டிக், டிக்’ என்று ஒரு சத்தம். பூச்சி என்றுதான் பலரும் நினைப்பார்கள். கத்துவது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே இருக்கும் புதர்த்தவளைகள். தவளை ஆராய்ச்சியில் முன்னோடியான சி. ஆர். நாராயண ராவின் பெயரால் இந்தப் பேரினத்தை 2010 முதல் ‘ராவோர்செஸ்டிஸ்’ என்கிறார்கள்.

இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. சில இனங்கள் இலைமேலும், சில தரையில் சருகுக்கும் மண்ணுக்கும் நடுவிலும் முட்டையிடுகின்றன. கேரளத்தின் ஆனைமுடியில் வாழும் ஆரஞ்சுச் சிவப்புத் தவளை தரையை விட்டு ஏறுவதே அபூர்வம்; மூங்கில்புல்லின் தூருக்குள் முட்டையிடும். முட்டை உடைந்தால் வெளியே வருவது கால் முளைத்த குட்டித் தவளை.

குளத்தில் முட்டையிடும் தேரை ஆயிரக்கணக்கில் இட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் நீந்தித் தின்று வளரட்டும் என்று. புதர்த்தவளை இடுவது கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் மஞ்சள்கரு அதிகம். குஞ்சு வெளியே வரும்வரை அதுதான் கட்டுச்சோறு. இந்த வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்திருப்பது, இதே போலத் தலைப்பிரட்டைப் பருவம் இல்லாத, கரீபியன் தீவான போர்ட்டோ ரிகோவின் ‘கோக்கி’ தவளையில். அங்கே கரு உருவாகும்போதே கால் மொட்டுகள் எழுந்துவிடுகின்றன. வால் நீந்துவதற்கல்ல: ரத்தக்குழாய்கள் நிறைந்த அகன்ற வால் முட்டையின் உள்சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சுக்காற்றை வாங்கித் தருகிறது. தலைப்பிரட்டையைத் தவளையாக்கும் அதே தைராய்டு ஹார்மோன் இங்கே முட்டைக்குள்ளேயே வேலையை முடிக்கிறது. ஏறக்குறைய மூன்று வாரத்தில், மூக்கருகில் இருக்கும் சின்னப் பல்லால் முட்டையைக் கீறிக்கொண்டு குட்டி வெளியேறும். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த வால்தான் ஆச்சரியம்!

மலைச்சரிவில் இந்த ஏற்பாடு பெரிய லாபம். பெருமழையில் ஓடை முட்டையை அடித்துப்போகாது, மீன் தின்னாது. சரி, தண்ணீர்? தவளை முட்டைக்கு ஓடு இல்லை. சுற்றியிருக்கும் ஈரம் குறைந்தால் காய்ந்துவிடும். கோக்கியில் ஆண் தவளையே முட்டைமேல் உட்கார்ந்து ஈரம் காக்கிறது.

ஆக, இவற்றுக்குக் குளம் என்பது சருகின் அடி ஈரமே. மழை நாலு நாள் விட்டாலும் மரநிழல் இருந்தால் அது தாங்கும். மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டாலோ, சருகைக் கூட்டித் தீ வைத்தாலோ, பக்கத்தில் ஓடை நிறைய ஓடியும் பிரயோசனமில்லை. மழைக்காலத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் இருக்கிற தடத்திலேயே நடங்கள். தடத்துக்கு வெளியே, மிதிபடும் சருகுக்கு அடியில் முட்டை இருக்கலாம்.