கட்டுரை: விரிப்பதா, கட்டுவதா?

‘வியாசம்’ என்ற சொல்லை இப்போது பழைய அச்சுப் புத்தகங்களில்தான் பார்க்கலாம். ஒரு காலத்தில் கட்டுரைக்கு அதுதான் பெயர். தெலுங்கில் இன்றும் அதுவே. வடமொழியில் அதற்குப் பிரித்தல், விரித்தல் என்று பொருள். வேதங்களைப் பிரித்து வகுத்ததால்தான் அவர் வியாசர்.

அதற்கு ஈடான தமிழ்ச் சொல் ‘கட்டுரை’. கட்டு + உரை. வேடிக்கை என்னவென்றால், பொருள் நேர்மாறு! அங்கே விரிக்கிறார்கள், இங்கே கட்டுகிறோம். இந்தியின் ‘நிபந்த்’ நம் பக்கம். அதிலும் கட்டுவதுதான் வேர். பிரெஞ்சுக்காரர் மோந்தேன் 1580இல் தன் கட்டுரை நூலுக்கு வைத்த ‘எஸ்ஸே’ (Essais) என்ற பெயரோ ‘முயன்று பார்த்தல்’ என்ற பொருளில் வந்தது. எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும். ஆனாலும் தமிழில் ‘முயற்சி’ என்று பெயர் வைத்திருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள்.

கட்டுரை புதிதாகச் செய்த கலைச்சொல் அல்ல. சிலப்பதிகாரத்தின் 23ஆம் காதைக்குப் பெயரே ‘கட்டுரை காதை’. மதுரையை எரித்த கண்ணகியின் முன்னால் வராமல், பின்னால் வந்து நின்று, மதுராபதித் தெய்வம் பழைய கதையைச் சொல்லும் இடம் அது. அங்கே கட்டுரை என்பது எழுத்தே இல்லை. பொருள் பொதிந்த, உறுதியான பேச்சு. உரைநடை பெருகியபோது அந்தப் பழைய சொல்லுக்குப் புது வேலை கிடைத்தது, அவ்வளவுதான். ‘இட்டுக்கட்டுவது’ வேறு சங்கதி. சில கட்டுரைகளைப் படிக்கும்போது அதுவும் நினைவுக்கு வரும்.

இந்தச் சொல்லோடு மறைமலையடிகளையும் (1876–1950) நினைக்க வேண்டும். ஆங்கிலக் கட்டுரையாளர் அடிசனைத் தழுவி ‘சிந்தனைக் கட்டுரைகள்’ எழுதியவர். தலைப்பில் பாதி வடசொல், பாதி தமிழ்! பிறகு சுவாமி வேதாசலம் என்ற தன் பெயரையே சொல் சொல்லாகப் பெயர்த்துக்கொண்டார்: சுவாமி அடிகளானது, வேதம் மறையானது, அசலம் மலையானது.

1916இல் ஒருநாள் மகள் நீலாம்பிகையோடு வள்ளலார் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாராம். ‘உற்ற தேகத்தை உயிர்மறந் தாலும்’ என்ற அடியில் நின்றுவிட்டார். தேகம் இருக்கும் இடத்தில் ‘யாக்கை’ வந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்றார். தனித்தமிழ் இயக்கம் பிறந்த கதையாக இதைச் சொல்வார்கள். சரி, யாக்கை என்றால் என்ன? யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் நரம்பும் தோலுமாகக் கட்டப்பட்டதால் உடம்பு யாக்கை. சீரும் தளையுமாகக் கட்டப்படுவதால் செய்யுளுக்கு யாப்பு. உரைநடைக்கும் அதே கட்டுதான், சொல் மட்டும் வேறு.